குறையில்லாத ஒரு சுவர்

போன் அலறியது.

நிட்டா எடுத்தாள்.

"நிட்டா... நான் அன்ஸாய்..."

நேற்றிலிருந்து காணாமல் போன அவளுடைய சீனியர்! பசுமைக் கட்டிடச் சான்றிதழ் அலுவலகத்தின் மூத்த பரிசோதகர்.

"சார்! எங்க இருக்கீங்க?"

"சுவருக்குள்ள... வச்சு மூடிட்டான்... டோபே... மூச்சு முட்டுது..."

"எந்த மாடி சார்?"

லைன் செத்துவிட்டது.

நிட்டா மெல்லத் திரும்பினாள்.

பின்னால் டோபே நின்றான். அவள் பரிசோதிக்க வந்திருந்த புதுக் கட்டிடத்தின் சைட் மேனேஜர். கையில் இரண்டு சூடான காபி டின்கள்.

"யாரு மேடம் போன்ல? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு!"

"அ... அம்மா. சும்மாதான்."

"இந்தாங்க, குடிங்க. சப்போரோ குளிரு ஆளையே கொன்னுடும்!"

சிரித்தான்.

நிட்டா கழிவறைக்குள் புகுந்து அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. போலீஸ் கிளம்பிவிட்டது. பனிப்புயல். நாற்பது நிமிடம் ஆகும்!

அதுவரை அன்ஸாய்க்கு மூச்சு இருக்குமா?

பன்னிரண்டு மாடி. எத்தனை நூறு சுவர்கள்!

அவளிடம் இருந்தது வெப்பக் கேமரா மட்டுமே. உயிருள்ள உடம்பு சூடாக இருக்கும். சுவரில் மனித உருவம் தெரியும்...

"பரிசோதனையை ஆரம்பிக்கலாமா சார்?"

"தாராளமா! சுவருக்குள்ள பூரா பழைய பாட்டிலை உருக்கிச் செஞ்ச கண்ணாடிப் பஞ்சு மேடம். சூடு வெளிய போகாது, அதுக்கு மார்க். மறுசுழற்சி, அதுக்கு மார்க். நச்சு வாடை இல்ல, அதுக்கும் மார்க். முழுசா போட்டுக் குடுங்க!"

முதல் மாடி. திரை முழுக்க நீலம். குளிர் உள்ளே வழிகிறது என்று அர்த்தம்.

சுவருக்குள் பஞ்சே இல்லை!

இரண்டு... மூன்று... எங்கும் நீலம்.

இதைத்தான் அன்ஸாய் கண்டுபிடித்திருக்கிறார்!

"கேமரா ரிப்பேரா மேடம்?" டோபே நெருங்கி வந்தான். கையில் பலகை அறுக்கும் கத்தி. "மெஷின் பொய் சொல்லும். பேப்பரைப் பாருங்க, போதும்."

ஏழாம் மாடி. வடக்குச் சுவர். குழாய்கள் ஏறும் அகலமான சுவர்.

மனித உருவம் இல்லை.

நகர்ந்தாள்.

நின்றாள்.

ஜன்னலில் பனி மோதும் ஓசை மட்டும்.

அந்தச் சுவரில் ஒரு பொட்டு நீலம் இல்லை. சீரான மஞ்சள்.

எல்லாச் சுவரிலும் ஏமாற்றியவன், இங்கே மட்டும் ஏன் ஒழுங்காகப் பஞ்சு அடைத்தான்?

பஞ்சு சத்தத்தையும் அடக்கும். உள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காமல் இருக்க!

"இந்தச் சுவர்ல என்ன மேடம் குறை?"

"குறையே இல்ல சார். அதான் பயமா இருக்கு."

க்ளிக்! கத்தியின் பிளேடு நீண்டது.

நிட்டா ஓர் அடி பின்வாங்கினாள். ஆயிரம் சைட்டில் கேட்டுப் பழகிய கேள்வி தானாக வந்தது.

"மூடறதுக்கு முன்னாடி எடுத்த படம் எங்க?"

மூடப்போகும் சுவருக்கெல்லாம் கரும்பலகையில் விவரம் எழுதி, அதோடு சேர்த்துப் படம் எடுத்தாக வேண்டும். டோபேக்கு அது இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"படம் எடுக்காமயா? யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க!"

ரோஷத்தோடு டேப்லெட்டை நீட்டினான்.

அழகான கையெழுத்து. 'ஏழாம் மாடி, வடக்குச் சுவர், பஞ்சு இரண்டு அடுக்கு.' நேற்றைய தேதி.

இரண்டு அடுக்குக்கும் நடுவே... ஒரு ஷூவின் நுனி!

டோபேயின் முகம் மாறியது.

"இதை அழிச்சிருக்கலாமே சார்..."

"படங்களோட வரிசை எண் நடுவுல விட்டுப் போயிடுமே!"

கத்தி உயர்ந்தது. நிட்டாவின் விரல் 'அனைவருக்கும் அனுப்பு' மீது விழுந்தது.

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பதினான்கு பேரின் போன்களும் ஒன்றாகச் சிணுங்கின.

ஒரு கூச்சல்! படிகள் அதிர்ந்தன!

கத்தி தரையில் விழுந்தது.

ஓடி வந்தவர்கள் டோபேயை மடக்கிவிட்டு, சுவரின் பலகையைப் பெயர்த்தார்கள். பஞ்சை வாரி எறிந்தார்கள். அன்ஸாய் கண்மூடிச் சாய்ந்திருந்தார்.

நிட்டா அவர் கன்னத்தைத் தொட்டாள்.

வெதுவெதுப்பு!

வெளியே மைனஸ் பதினொன்று. வேறு எந்தச் சுவராக இருந்தாலும் ராத்திரியே விறைத்திருப்பார்.

அன்ஸாய் கண் திறந்தார். இருமினார்.

"நிட்டா... கட்டிடம் ஃபெயில்! ஆனா இந்தச் சுவருக்கு மட்டும் முழு மார்க் போடு... நான் ராத்தங்கியே பாத்துட்டேன்!"