ஒப்பிட வைத்த குழாய்

சாயங்காலம் மேசையை ஒழுங்குபடுத்தும்போதுதான் கவனித்தாள். ஜன்னலோரம் வரிசையாக நின்ற கண்ணாடிக் குழாய்களில் ஒன்று மட்டும் கறுத்திருந்தது.

நோயாளிகளின் சிறுநீரோடு ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல உடம்புக்காரர் ஒருவருடையதும் வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் அதற்கு அவள் தன்னுடையதையே காலையில் பிடித்து வைப்பாள். நோயாளிகளுடையதெல்லாம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. அவளுடையது மட்டும் பால் விடாத காப்பி மாதிரி நின்றது.

"என்னக்கா, உள்ள பேனா மைய ஊத்திட்டீங்களா?" என்று சிரித்தாள் ரத்தம் எடுக்கும் பெண்.

"நீ குழாய் கழுவின லட்சணம்டி அது."

"ஆமா, பழி போடத்தான் நான் ஒருத்தி இருக்கேனே. வரேன்க்கா."

அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இவள் புதுக் குழாய் ஒன்றைக் கழுவி, மறுபடி கழுவி, புதிதாகப் பிடித்து வந்தாள். நல்ல மஞ்சள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு, குளிர்பெட்டியின் முனகலும் வெளியே மழை சொட்டும் சத்தமும் ஸ்பிரிட் நெடியும் சேர்ந்து அறையை நிறைக்க, கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

மேல்விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மகள் பிறப்பதற்கு முன் அவள் முதுகிலிருந்து ஒரு மச்சத்தை வெட்டி எடுத்தார்கள். தோல் புற்றுநோய்தான், ஆனால் வேரோடு எடுத்தாயிற்று, இனி மறந்துவிடு என்றார் டாக்டர். அவளும் மறந்துவிட்டாள். அது திரும்பி வந்து உள்ளெல்லாம் பரவினால், எங்கோ யாரோ ஒருவருக்கு, அதன் கருமை ரத்தத்தில் கலந்து தோலைக் கறுக்க வைக்கும்; சிறுநீர் மஞ்சளாக வந்தாலும் காற்றுப் பட்டு நிற்க நிற்கக் கறுக்கும். படிக்கிற காலத்தில் படித்த ஒரே ஒரு வரி. தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போன வரி.

"வெயில்ல அலையாதேன்னா கேக்கறியா? மூஞ்சியெல்லாம் சாம்பலாக் கெடக்கு" என்று போன வாரம் கணவன் சொன்னான். நேற்று பல் தேய்க்கும்போது மகள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள், "அம்மா, உன் ஈறு ஏன் பென்சில் கலர்ல இருக்கு?"

"ஏதோ பழம் தின்னேன்டி."

எந்தப் பழமும் தின்றிருக்கவில்லை.

கைபேசி அடித்தது. மகள்தான்.

"அம்மா, எப்ப வருவே? அப்பாவுக்குப் பின்னல் போடவே தெரியல. குதிரை வால் மாதிரி கட்டிட்டார்."

"இதோ வந்துட்டேன் கண்ணு."

"நிஜமா?"

"நிஜமா."

வைத்துவிட்டாள். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துத் தன் கையில் கட்டினாள். ஊசி ஏறியது. வந்த ரத்தம் சிவப்பாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் போல. சிவப்பு எதையும் மறைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

ரத்தத்தைக் குழாயில் விட்டு, சிவப்பைத் தனியே பிரிக்கும் சுழல் இயந்திரத்தில் வைத்து மூடினாள். அது இரைந்தது. மேசை நடுங்கியது. பிறகு இரைச்சல் தணிந்தது. இன்னும் தணிந்தது.

நின்றது.

மூடியைத் திறந்தாள்.

சிவப்பு அடியில் படிந்திருந்தது. அதன் மேல் நிற்க வேண்டிய இளமஞ்சள் நீர் இல்லை. வேறொன்று நின்றது.

குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

வெளிச்சம் அதற்குள் போனது.

மறுபக்கம் வரவில்லை.