தேதியையுமா திருடுவார்கள்?

கணினிப் பெட்டியின் பின்பக்கம் இரண்டு திருகாணிகள் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுதான் இருந்தது.

வள்ளிக்கண்ணு குனிந்து மறுபடியும் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள். அப்போதும் ஒன்றுதான்.

"அம்மா, இதுல ஒரு ஸ்க்ரூவைக் காணோம்!"

"இப்ப அதுவாடி முக்கியம்? இங்க வந்து திரையைப் பாரு" என்றார் அம்மா.

வள்ளியின் அம்மா அனுசுயா, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்வது, ஆதார் நகல் எடுப்பது, கரண்டு இணைப்புக்கு விண்ணப்பம் போடுவது எல்லாமே அந்த ஒரே கணினியில்தான். ஏழு வருஷப் பழைய கணினி. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள்தான் ஆயுத பூஜை.

திரையில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. 'இந்தக் கணினியில் விண்டோஸ் பதினொன்றைப் போட முடியாது' என்று அது சொன்னது.

"போன வாரம் பச்சை டிக் காட்டுச்சே!" என்றாள் வள்ளி.

"அதான் எனக்கும் புரியலை."

போன வாரம் காட்டூரிலிருந்து கிளமென்ட் அண்ணன் வந்திருந்தார். கணினி பழுது பார்ப்பவர். பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். பிறகு ஏதேதோ தட்டினார். பச்சை டிக் வந்தது.

"அக்கா, விண்டோஸ் பத்துக்கு அக்டோபரோட பாதுகாப்பு நிறுத்துறாங்க. கம்ப்யூட்டர் ஓடும். ஆனா புதுசா ஓட்டை விழுந்தா யாரும் அடைக்க மாட்டாங்க. உங்க பெட்டி பதினொண்ணுக்குப் போகலாம், கவலைப்படாதீங்க. பூஜை முடியட்டும், வந்து போட்டுத் தரேன்" என்றார்.

இப்போது முடியாது என்கிறது. காரணம் என்ன என்று தட்டினால், 'டிபிஎம் இல்லை' என்று வந்தது.

"டிபிஎம்னா என்னம்மா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பூட்டு மாதிரின்னு அந்தத் தம்பி சொல்லிச்சு. அது இருந்தாத்தான் பதினொண்ணு ஏறுமாம்."

"போன வாரம் இருந்தது இந்த வாரம் எங்க போச்சு?"

பதில், கண்ணாடித் தம்ளரில் டீயோடு வந்து நின்ற பக்கத்து டீக்கடை ராசப்பன் மாமாவிடமிருந்து வந்தது.

"எங்க போகும்? கழட்டிட்டுப் போயிருப்பான். நல்ல சாமானை உருவிட்டு ஓட்டை சாமானை வச்சிருப்பான். உங்க கண்ணு முன்னாடியா தொறந்தான்?"

வள்ளிக்குச் சட்டென்று நினைவு வந்தது. "இல்ல மாமா. தூசி பறக்கும்னு வெளியில தூக்கிட்டுப் போனாரு. அந்த மரத்துக்குப் பின்னாடி!"

"பாத்தியா!" என்று ராசப்பன் மாமா தொடையில் தட்டினார். பாதி டீ சட்டையில் கொட்டியது.

அம்மா கிளமென்ட்டுக்கு போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். அப்போதும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டான்" என்றார் ராசப்பன் மாமா.

மாடி வீட்டு சுபஸ்ரீயும் வள்ளியும் ஒரே வகுப்பு. காலாண்டு விடுமுறை என்பதால் சுபஸ்ரீக்குத் துப்பு துலக்க நிறைய நேரம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"ஸ்க்ரூவைக் காணோம். பெட்டியை மறைவா கொண்டு போயிருக்காரு. போனை எடுக்கலை. வள்ளி, சந்தேகமே இல்ல."

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் வள்ளி. "காலையில கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்பா ஒரு திரை வந்துச்சு. இங்கிலீஷ்ல நாலு வரி. ஏதோ பட்டனை அழுத்துன்னு சொல்லுச்சு. அம்மா அழுத்தினாங்க. முன்னாடி இப்படி வந்ததே இல்ல."

"அவர் வச்சிட்டுப் போன ஓட்டை சாமான் கத்துதுடி!" என்றாள் சுபஸ்ரீ.

மறுநாள் கிளமென்ட் அண்ணன் வந்தார். தோளில் கறுப்புப் பை. தலைக்கவசத்தைக் கழற்றும்போதே பேசினார்.

"சாரிக்கா, நேத்து வேற ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன். போனைப் பாக்கலை. உங்க மெசேஜை இப்பதான் பாத்தேன். என்ன, சிவப்பு காட்டுதா? காட்டக் கூடாதே!"

வள்ளியும் சுபஸ்ரீயும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று அவர் கைகளையே பார்த்தார்கள். ராசப்பன் மாமா வாசலில் நின்று பார்த்தார். அம்மா பார்க்காத மாதிரி பார்த்தார்.

கிளமென்ட் அண்ணன் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவினார். "அக்கா, இங்க இடம் பத்தாது. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டு வரேன்."

வாசலில் நின்றவர் ஓரடி உள்ளே வந்தார்.

"எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?" என்றார் ராசப்பன் மாமா. "மிச்சம் இருக்கறதையும் உருவவா?"

கிளமென்ட் அண்ணனின் கை நின்றது. அவர் ராசப்பன் மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள்.

"நான் எதையும் எடுக்கலைக்கா" என்றார் அவர் மெதுவாக.

"ஸ்க்ரூ?" என்று சுபஸ்ரீயின் குரல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அதுவா? நான் முதல் தடவை வந்தப்பவே அது இல்ல பாப்பா. இன்னிக்கு மாட்டலாம்னு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து மேசையில் வைத்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மா அவருக்காக வாங்கி வைத்திருந்த டீயைத் தொடவே இல்லை.

"குற்றவாளி இப்படித்தான் கோவிச்சுக்கிட்டுப் போவான்" என்று சுபஸ்ரீ கிசுகிசுத்தாள்.

ஆனால் அவள் குரலில் நேற்று இருந்த உறுதி இல்லை.

அன்று மாலை அம்மா ஒரு முடிவு சொன்னார்.

"டவுன்ல ஒரு கடையில பேசிட்டேன். நாளைக்கு ஆள் வந்து இதை எடுத்துக்குவாங்க. புதுசு தவணையில தருவாங்க."

"இதையே வச்சுக்கலாமேம்மா! ஓடத்தானே செய்யுது?"

"ஓடும். ஆனா ஊர்க்காரங்க ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் இதுக்குள்ள வருது. நம்மள நம்பித்தானே தராங்க? பூட்டு இல்லாத பெட்டியில அதை வைக்க எனக்கு மனசு வரலை."

"அப்ப தவணை?"

"மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுல காலையில கணக்கு எழுத ஆள் கேக்கறாங்க. விடியறப்ப கிளம்பினா மத்தியானம் வந்து கடையைத் திறந்திடலாம். நீதான் நீயே தலை பின்னிக்கிட்டு ஸ்கூலுக்குப் போகணும்."

வள்ளிக்குத் தலை பின்னத் தெரியும். அது பிரச்சினை இல்லை. அம்மா ஏற்கெனவே இரவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

அப்போது ஒருவர் கரண்டு இணைப்புக்கு விண்ணப்பம் போட வந்தார். அம்மா அந்த இணையப் பக்கத்தைத் திறந்தார். பக்கம் திறக்கவில்லை. 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று வந்தது.

வள்ளி திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள். 2018, ஜனவரி 1 என்று இருந்தது.

"என்னது, நான் பாலர் பள்ளிக்குப் போயிட்டிருந்தப்ப உள்ள தேதி காட்டுது!"

அம்மா தேதியைச் சரி செய்துவிட்டு வேலையை முடித்தார். வள்ளி படியேறி சுபஸ்ரீயிடம் ஓடினாள்.

"சுபா, திருடன் சாமானைத் திருடுவான். தேதியையுமா திருடுவான்?"

சுபஸ்ரீ யோசித்தாள். "தேதியை எடுத்துட்டுப் போய் என்ன பண்றது? விக்கக்கூட முடியாது."

"அப்ப தேதி தானாத்தான் போயிருக்கு. தேதி தானா போகும்னா..." வள்ளி நிறுத்தினாள். "பூட்டும் தானா போயிருக்கலாம்ல?"

காலையில் கடையைத் திறந்ததும் இருவரும் முதலில் தேதியைத்தான் பார்த்தார்கள். சரியாக இருந்தது. கறுப்புத் திரையும் வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். அப்போதும் சரியாக இருந்தது.

"ராத்திரி முழுக்க அணைச்சு வச்சும் மறக்கலை" என்றாள் வள்ளி. "அப்ப பூஜை அன்னிக்கு மட்டும் எப்படி மறந்துச்சு? அன்னிக்குப் புதுசா என்ன பண்ணோம்?"

"சந்தனம் வச்சோம். பொரி படைச்சோம். மவுசுக்குப் பூ வச்சோம்."

"அதெல்லாம் போன வருஷமும் பண்ணோமே."

"போன வருஷம் நீ பூஜையில வச்ச கம்ப்யூட்டர்ல கேம் விளையாடி அடி வாங்கினே" என்றாள் சுபஸ்ரீ.

வள்ளி நிமிர்ந்தாள். அதுதான்! பூஜையில் வைத்த பொருளை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. வள்ளி தொட்டுவிடுவாள் என்பதற்காகவே அம்மா இந்த முறை வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். மற்ற நாளில் கணினியை அணைத்தாலும் அந்த சுவிட்சை யாரும் அணைப்பதே இல்லை.

"அம்மா, மத்தியானம் சாப்பிடற நேரத்துக்கு மட்டும் வயரைப் பிடுங்கி வைக்கட்டுமா?"

"எதுக்குடி?"

"அது எதை எதை மறக்குதுன்னு பாக்கணும்."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சரி என்றார். எப்படியும் சாயங்காலம் போகப்போகிற பெட்டிதானே.

இருவரும் சாப்பிட்டார்கள். சுபஸ்ரீ மோரை மூன்று மிடறில் குடித்துவிட்டு எழுந்து ஓடினாள். வயரைச் செருகி, கணினியைப் போட்டார்கள். கறுப்புத் திரை வந்தது. நாலு வரி இங்கிலீஷ் வந்தது. பட்டனை அழுத்தியதும் தேதி வந்தது.

2018, ஜனவரி 1.

"அம்மா!" வள்ளி கத்தியதில் எதிர்க் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "யாரும் எதையும் எடுக்கலைம்மா! வயரைப் பிடுங்கினா இதுக்கு எல்லாம் மறந்துபோகுது!"

அம்மா திரையைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த திருகாணியைப் பார்த்தார். போனை எடுத்து கிளமென்ட்டின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"நான் பேசட்டுமா?" என்றாள் வள்ளி. எடுத்தால்தானே பேசுவது? அவள் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள்.

"கிளமென்ட் அண்ணே, நான் வள்ளி. நீங்க எடுத்திருப்பீங்கன்னு நானும் நினைச்சேன். தப்பு. வயரைப் பிடுங்கினா தேதி 2018-க்குப் போகுது. செருகியே வச்சா போகலை. நாங்க செஞ்சு பாத்துட்டோம். அந்தப் பூட்டும் அப்படித்தான் போயிருக்குமா? சாயங்காலம் பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க. வரீங்களா அண்ணே?"

கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வரி வந்தது. 'பேட்டரி! வரேன்.'

வந்தவர் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியை அம்மாவின் மேசை மேலேயே வைத்து, எல்லோரும் பார்க்கும்படி திறந்தார். உள்ளே பச்சைப் பலகையில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஏதோ மின்னியது.

"இதுதான் பாப்பா. கைக்கடிகாரத்துல இருக்குமே, அந்த மாதிரி பேட்டரி. கரண்டு இல்லாதப்ப தேதியையும் அமைப்பையும் இதுதான் ஞாபகம் வச்சுக்கும். உயிர் போயிடுச்சு. நான் தூசி ஊதினப்ப கொஞ்ச நேரம் தாங்கியிருக்கு. பூஜை ராத்திரி முழுக்கத் தாங்காம மொத்தமா தீந்துடுச்சு."

"பூட்டு?"

"பூட்டு உள்ளதான் இருக்கு. இந்தப் பெட்டி செஞ்சப்ப அதை அணைச்சு வச்சிருந்தாங்க. போன வாரம் நான்தான் ஆன் பண்ணேன். உங்க அம்மாகிட்ட அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. பேட்டரி போனதும் பெட்டி பழையபடி அணைஞ்ச நிலைக்கே போயிடுச்சு."

புது பேட்டரியைப் போட்டார். தேதியைச் சரி செய்தார். நீலத் திரை ஒன்றுக்குள் போய் ஓர் இடத்தில் நிறுத்தி, "நீயே அழுத்து" என்றார். வள்ளி அழுத்தினாள். கணினி எழுந்தது. சோதனையை ஓட்டினார்கள்.

பச்சை டிக் வந்தது.

அம்மா உடனே டவுன் கடைக்கு போன் செய்து, ஆள் வர வேண்டாம் என்றார். பிறகு கிளமென்ட் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து நான் வாயைத் திறந்திருக்கணும் தம்பி. திறக்கலை. மனசுல வச்சுக்காதீங்க."

"விடுங்கக்கா. முதல்ல உங்க பத்திரிகை ஃபைல் எல்லாம் ஒரு காப்பி எடுத்துடுவோம். அப்புறம் ஏத்தலாம். கொஞ்சம் நேரமாகும், நடுவுல அதுவே அணைஞ்சு அணைஞ்சு எழும். பயப்படாதீங்க." சொல்லிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்தத் தெருவுல ரெண்டு கடையில இனிமே வர வேணாம்னுட்டாங்க. அதான்..."

அது யார் வேலை என்று வள்ளிக்குத் தெரியும். சுபஸ்ரீயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

ராசப்பன் மாமா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். நம்பின மாதிரி தெரியவில்லை.

"பேட்டரியாம், பூட்டாம்! சரி, அது போகட்டும். எனக்கு இந்த சிசிடிவி கேமராவை மாட்டினதும் அவன்தானே? பூஜையிலிருந்து டிவியில ஒரே மஞ்சளா தெரியுது. ஆளும் தெரியலை, பேரும் தெரியலை. அதுல எதை உருவினான், சொல்லு பாப்போம்?"

வள்ளி கேமராவை அண்ணாந்து பார்த்தாள். சுபஸ்ரீயும் பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மாமா, ஆயுத பூஜைக்குக் கேமராவுக்கும் மாலை போட்டீங்களா?"

"போடாம? அதுவும் ஆயுதம்தானே!"

வள்ளி பெஞ்சின் மேல் ஏறினாள். வாடிப்போன சாமந்தி மாலையைக் கேமராவின் முகத்திலிருந்து ஒதுக்கினாள்.

டிவியில் மஞ்சள் விலகியது. திரை முழுக்கத் தெரிந்தது, சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ராசப்பன் மாமாவின் முகம்.

டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ராசப்பன் மாமா கொஞ்ச நேரம் அந்த முகத்தையே முறைத்தார். அதுவும் அவரைத் திருப்பி முறைத்தது.

பிறகு அவர் ஒரு தம்ளரைக் கழுவி எடுத்தார். "கிளமென்ட் தம்பிக்குச் சக்கரை எவ்வளவு போடணும்?" என்று கேட்டார். "நானே கொண்டு போய்க் கொடுக்கறேன்."