நடுக்கடலில் நான்கு நாள்

கடப்பாரை மூன்றாவது முறை விழுந்ததும் கட்டுப்பாட்டு அறைக் கதவு பெயர்ந்து வந்தது. தடுக்கப் போன காவலாளி மண்டை உடைந்து வாசலிலேயே கிடந்தான். புயல்திருப்பியை இயக்கும் தமயந்தி அதன் முன்னாலிருந்து எழவில்லை.

"ஏய், எந்திரி! இன்னொரு தடவ எங்க ஊருக்குப் புயலத் தள்ளுன, கைய ஒடிச்சுருவேன்!" என்று கத்தினான் கலியமூர்த்தி. வேலங்குப்பத்து ஆள். அவன் பின்னால் மூன்று லாரி கூட்டம்.

நெடுந்துறையில் புயல்திருப்பி வைத்து ஏழு வருடமாகிறது. கடலடியின் குளிர்நீரைக் குழாய்களில் உறிஞ்சி மேலே பரப்பும். சூடான நீரைத் தின்று வளர்கிற புயல், குளிர் பட்டால் விலகிப் போகும். இங்கிருந்து விலகினால் அடுத்தது வேலங்குப்பம்தான். ஆறு வருடம் அவர்கள் பிணம் பொறுக்கினார்கள். ஏழாவது வருடம் அவர்களும் ஒரு திருப்பி வாங்கினார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்!

"நாலு நாளா அங்கேருந்து நீங்களுந்தானே தள்ளுறீங்க?" என்றாள் தமயந்தி.

பதிலுக்கு அறை விழுந்தது. உதடு கிழிந்தது. கடப்பாரைகள் இயந்திரத்தின்மேல் இறங்க, குழாய்களின் இரைச்சல் அடங்கிப்போனது.

அப்போது அவள் கைபேசி அலறியது. கணவன் தேசிங்கு. காவலாளி தவிர நெடுந்துறை ஆண்கள் மொத்தப் பேரும் விடியற்காலையிலேயே தடியோடு ஊர் லாரிகளில் ஏறி, யாருக்கும் தெரியாமல் உள்வழியாக வேலங்குப்பம் போயிருந்தார்கள்.

"ஒடைச்சாச்சு! அவனுவ மெசின சுக்குநூறாக்கிட்டோம். எதுத்து நிக்க ஒரு ஆம்பள இல்ல இங்க!"

அந்தக் கத்தல் கலியமூர்த்திக்கும் கேட்டது. அவன் முகம் வெளுத்தது.

தமயந்தி திரையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் குளிர்நீர் மறிக்க, நடுவில் சூடான கடலைக் குடித்தபடி நான்கு நாள் நின்று கொழுத்த புயல் நகரத் தொடங்கியிருந்தது.

"எந்த ஊருக்கு வருது?" அவன் குரலில் இப்போது அதட்டல் இல்லை.

"ரெண்டுக்கும். அவ்வளவு அகலமாயிடுச்சு. மூணு மணி நேரத்துல கரையேறிடும்."

வேலங்குப்பம் போய்ச் சேரவே ஐந்து மணி நேரமாகும்.

"எம் பொண்ணுங்க ரெண்டும் அங்க இருக்கு, தங்கச்சி."

அவனை அங்கேயே வெட்டிப்போடலாம் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு. ஆனால் இங்கே கரையோரப் பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் மகன். ஊரில் மிச்சமிருந்த லாரி மூன்றும் கலியமூர்த்தி ஆட்களுடையவை.

அவள் கைபேசியைக் காதில் வைத்தாள்.

"ஏங்க, தடியக் கீழ போடுங்க. அந்த ஊருப் புள்ளைங்கள ஒண்ணு விடாம மேட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஒரு கீறல் விழக்கூடாது."

"பைத்தியமா ஒனக்கு? அவனுவ புள்ளைய நான் ஏன் தூக்கணும்?"

தமயந்தி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"நம்ம புள்ளைய அவனுவதான் தூக்கணும்."