மண் போட்ட கை

குக்கர் விசில் அடித்தது. ரெஜிஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் குக்கரே வைக்கவில்லை.

கடைசியாக நினைவிருந்தது வாசல் பெருக்கியது. அப்போது காலை வெயில். இப்போது கடிகாரத்தில் மணி மூன்று. அடுப்படியிலிருந்து நெத்தோலி வறுத்த மணம் வந்தது. எதிரே தரையில் மகள் ஜெனிலா படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. தலையில் இறுக்கமான இரட்டைச் சடை.

"யாருட்டி தலை பின்னி விட்டா?"

"அம்மாதான்."

"எந்த அம்மா? எனக்கு ஒரு கைதானே மக்கா வெளங்கும்?"

பிள்ளை வேறு வர்ணக்குச்சியை எடுத்துக்கொண்டாள். ரெஜிஷாவின் வலது கை வழக்கம்போல மடியில் கருவாடாகக் கிடந்தது.

நான்கு மாதமாக இப்படித்தான். கணவன் ஜாஸ்பர் போன விசைப்படகு கவிழ்ந்து, பதினோராம் நாள் ஓர் உடல் கரை ஒதுங்கியது. முகம் இல்லை. கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு மட்டும் இருந்தது. கடல் முகத்தைத் தின்றுவிடும் என்பதால், அந்தக் கரையில் ஒவ்வொரு பெண்ணும் தன் புருஷனின் உத்தரியத்துக்குத் தனக்கென்று ஒரு கணக்கில் முடிச்சுப் போடுவாள். ரெஜிஷாவின் கணக்கு மூன்று. பிணவறையில் கிடந்த உடலின் கயிற்றில் இரண்டே முடிச்சு.

பின்னால் நின்ற கொழுந்தன் பிரபின் காதோரம் குனிந்தான். "ஆமான்னு சொல்லுங்க மைனி. மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறையாவது வேணும்லா?"

அவள் தலையாட்டினாள். குழியில் முதல் பிடி மண்ணையும் வலது கையால் போட்டாள். அன்று இரவு அந்தக் கையால் சோற்றை அள்ள முடியவில்லை.

நாகர்கோவில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "நரம்புல கோளாறு இல்லம்மா. மனசு தாங்காதத கை சொமக்குது. இடையில நேரம் தொலைஞ்சு போறதும் அதனாலதான். இது நடிப்பில்ல, பேயும் இல்ல." நினைவு நழுவும்போது கண்ணில் படும் ஐந்து பொருள்களையும், காதில் விழும் நான்கு சத்தங்களையும் எண்ணச் சொன்னார். பிரபின் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தான்.

"கோளாறு இல்லன்னா பொறவு என்ன நாடகம் மைனி? நாளைக்கு நாலு மணிக்கு வருவேன். அப்பமும் நீங்க பொம்ம மாதிரி இருந்தியன்னா, பிள்ளையக் குழித்துறை ஹாஸ்டல்ல கொண்டு சேத்திருவேன்."

அந்த நாளை இன்றுதான். இன்னும் ஒரு மணி நேரம். இங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் எண்ணத் தொடங்கினாள். கடிகாரம், நாற்காலி, மாதா படம், அதன் கீழே மாலை போட்ட ஜாஸ்பர், பிள்ளையின் சிவப்பு வர்ணக்குச்சி. காதுக்குக் கடல், பக்கத்து வீட்டு டிவி, மீன்காரியின் பேரம், குக்கரில் அடங்கும் ஆவி. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கடல் கொஞ்சம் கிட்டே கேட்டது. டிவி நின்றுபோனது. ஈரமண் வாடை எங்கிருந்தோ வந்து, வறுத்த மீனின் மணத்தை மெல்ல மெல்ல மூடியது. கடிகாரம். நாற்காலி. மாதா.

மடியில் சுண்டுவிரல் அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

அடுத்த விரல். அதற்கடுத்தது. இடது கையால் அழுத்திப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. தன் கை போலவே இல்லை. கடிகாரம். கடிகாரம். அப்புறம் என்ன? கடல் மட்டும். கடல்.

வெயில் போயிருந்தது. விளக்கு எரிந்தது. மேசைமேல் குடித்து முடித்த இரண்டு டீ கிளாஸ்கள். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சோற்றுத் தட்டு. அதில் அவளுடைய வலது கை, நிதானமாக, அழகாக, மீன்குழம்பை விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் வாய்வரை உயர்ந்தது.

ரெஜிஷா மூச்சை இழுத்தாள். கை தொப்பென்று விழுந்தது. சோறு தரையில் சிதறியது.

"மக்கா... சித்தப்பா எங்க?"

"வந்துட்டுப் போனாரு. சிரிச்சுப் பேசிட்டு இருந்தாரு. ஹாஸ்டல் வேண்டாம்னு சொல்லிட்டாரு."

சந்தோஷப்பட வேண்டும் என்று ரெஜிஷாவுக்குத் தெரிந்தது. மகளை அணைக்க இடது கையை நீட்டினாள். ஜெனிலா பின்னால் நகர்ந்தாள். சிதறிய சோற்றைப் பார்த்தாள். செத்துக் கிடந்த கையைப் பார்த்தாள். கடைசியில், அடையாளம் தெரியாத யாரையோ பார்ப்பதுபோல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ என்னத்துக்குத் திரும்பி வந்தே? அந்த அம்மா இன்னும் ஊட்டி முடிக்கல்ல."