பலகையில் நூறு

"அம்மா, சிரிச்சா சத்தம் வருமா?"

மகள் பவளம் ஒருமுறை இப்படிக் கேட்டபோது மதுரவல்லி பேச்சை மாற்றிவிட்டாள். இத்தனைக்கும் அவள் தொழிலே மேடையேறிப் பிறரைச் சிரிக்க வைப்பதுதான்.

செவ்வாய்க் கோளின் செம்புலம் நகரில் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. முதல் குடியேறிகள் கூடாரத்துக்குள் காற்றை அளந்து மூச்சுவிட்ட காலத்தில், சத்தமாகச் சிரிப்பது அடுத்தவர் மூச்சைப் பறிப்பதாக இருந்தது. அதனால் காதுக்குப் பின்னால் 'நகையுணரி' என்றொரு சில்லைப் பதித்துக்கொண்டார்கள். மனத்துக்குள் எழும் சிரிப்பை அது மேடைக்கு மேலிருக்கும் பலகைக்கு அனுப்பிவிடும். இப்போது காற்றுக்குப் பஞ்சமில்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. நகரின் நகைச்சுவைத் திருவிழாவில் அரங்கம் நிறைய மக்கள் சிலைபோல் அமர்ந்திருக்க, பலகை நூற்றுக்கு நூறு என்று ஒளிரும்.

மதுரவல்லிக்கும் எப்போதும் நூறுதான். ஆனாலும் நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம், நாள் முழுக்க யாரோடும் பேசாதவளைப் போல் உணர்வாள். உண்மையில் யாராவது சிரித்தார்களா? இதை யாரிடம் கேட்பது?

அந்த ஆண்டு பூமியிலிருந்து நகைச்சுவைக் கலைஞர் கோவில்பட்டி சூசைமாணிக்கம் வந்திருந்தார். மேடையில் அவருக்கு வியர்த்தது. எதைச் சொன்னாலும் கிணற்றில் போட்ட கல். பாதி நிகழ்ச்சியில், கடைசி முயற்சியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்.

"செவ்வாய்க்குப் போறேன்னு வீட்ல சொன்னேங்க. 'அப்ப புதன்கிழமை வந்துருவீகல்ல?'ன்னு கேட்டா."

திரைக்குப் பின்னால் நின்ற மதுரவல்லியின் தொண்டையிலிருந்து தும்மலும் விக்கலும் கலந்தாற்போல ஒரு சத்தம் வெடித்தது. உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்து அவர் வந்ததும் தலைகுனிந்தாள். "மன்னிச்சுக்கங்கண்ணே. உடம்பு சரியில்ல போல. நடுவுல சத்தம் போட்டுட்டேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தாயி. அதுக்குப் பேருதான் சிரிப்பு." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அந்தச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தப் பேசி முடிச்சேன்."

"ஏண்ணே, பலகை நூறு காட்டுச்சே?"

"நான் வாயத் திறக்குமுன்னயே நூறுதான் காட்டுச்சு."

மதுரவல்லி மெல்லக் காதுக்குப் பின்னால் தொட்டாள். அவளுடைய நகையுணரியும் 'எப்போதும் சிரி' என்ற நிலையில்தான் இருந்தது. சக கலைஞர்கள் மனம் நோகக் கூடாதென்று என்றோ அப்படி வைத்தது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஒருவர் மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் தன்னுடையதை அணைத்தாள்.

"வெக்கப்படாத தாயி. எங்க ஊருப் பழக்கந்தான் இது. அந்தக் காலத்துல ஆளுக்கொரு போன் வச்சிருப்பாகளாம். மூஞ்சில ஒரு சுருக்கம் விழாது. ஆனா கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சப் பொம்மைய வரிசையா தட்டி அனுப்புவாகளாம்."

"யாருக்குண்ணே?"

"தனியா உக்காந்திருந்தவுகளுக்கு."

வீட்டுக்கு வந்ததும் மகளை மடியில் இருத்திக்கொண்டாள். "வரும் பாப்பா. தும்மல் மாதிரி வரும். மொதல்ல பயமா இருக்கும்."

திருவிழாவின் கடைசி நாளில் அவள் முறை. அதற்குள் சூசைமாணிக்கத்தின் கப்பல் புறப்பட்டுவிட்டது. அதன் சிறிய அறையில் தனியாக இருந்த அவர், வந்திறங்கிய அன்று தம் காதோரம் ஒட்டப்பட்ட நகையுணரியைப் பிய்த்து வைத்துவிட்டு, ஒலிபரப்பைத் திறந்தார்.

"எங்க ஊரு ஜோசியர் பாவங்க," என்றது மதுரவல்லியின் குரல். "யார் ஜாதகத்தை எடுத்தாலும் ஒரே தோஷந்தான் வருது. பூமி தோஷம்!"

அரங்கத்தின் அமைதி அவரையும் வந்தடைந்தது. அந்த அமைதிக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்தார். விலா வலிக்க, படுக்கையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்து, சிலுவை அடையாளம் போட்டு, அவளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டார்.

செம்புலத்தில் பலகை நூறில் நின்றது. அந்தச் சிரிப்பைச் சேர்க்க அதில் இடமில்லை.