அனுமதிச் சீட்டில் இரண்டு பேர்

போன் அலறியது.

தேசியப் பூங்கா ரேஞ்சர் வெர்னா ஹாட்ச் எடுத்தாள். அலுவலகத்திலிருந்து கர்ட்.

"வெர்னா, பள்ளத்தாக்குக்குள்ள போன டால்டன் பெரியவர் திரும்பிட்டார்."

"நல்லதுதானே?"

"தனியா வந்திருக்கார்."



மூன்று நாள் முன்பு, அங்கே கூடாரம் போட்டுத் தங்குவதற்கான அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டதே அவள்தான். ஓரின் டால்டன், லூசில் டால்டன். ஆட்கள் இரண்டு. கவுன்ட்டருக்கு வந்தது மட்டும் ஒருவர். குழுவில் ஒருவர் வந்தால் போதும் என்பது விதி. இன்னொருவரை எட்டிப் பார்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை... பார்க்காமல் விட்டது சோம்பல். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவள் முழுசாகக் கற்றுத் தேர்ந்த ஒரே வித்தை.

வெளியே நூற்றுப் பத்து டிகிரி. இந்த வெயிலில், அந்தப் பாறைக்காட்டில், ஒரு மனுஷி எத்தனை மணி நேரம் தாங்குவாள்?

"ஹெலிகாப்டரைக் கிளப்பு. நான் அவர்கிட்ட போறேன்."

பாதி வழியில் வயர்லெஸ் கரகரத்தது.

"கம்ப்யூட்டர்ல பார்த்தேன் வெர்னா. ஒரே வருஷத்துல பதினோரு தேசியப் பூங்கா. எல்லாத்துலயும் ரெண்டு பேருக்குச் சீட்டு. நாலு எடத்துக்கு போன் போட்டேன். அந்தம்மாவை யாருமே பார்த்ததில்லையாம்."

"என்ன பேரு?"

"எல்லாத்துலயும் லூசில்தான்."

"ஒரே பொண்டாட்டியைப் பதினோரு தடவை எப்படிய்யா கொல்ல முடியும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ போற."

பாதை முடியும் இடத்தில், பழைய பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார் டால்டன். எழுபதைத் தாண்டியவர். பூட்ஸ் முழுக்கச் செம்மண்.

"சார், உங்க மனைவி எங்க?"

"வளைவுப் பாறைக்குக் கீழ."

"உயிரோட இருக்காங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

வெர்னாவின் கை இடுப்பிலிருந்த கைவிலங்குக்குப் போனது.

"முழுசாவும் அங்க இல்லம்மா. ஃப்ளோரிடா சதுப்புல கொஞ்சம். அலாஸ்கா பனியில கொஞ்சம். கலிஃபோர்னியாவுல அந்த ராட்சத மரத்தடியில மட்டும் கொஞ்சம் கூடுதலா... மரம்னா அவளுக்கு உசிரு."

வெர்னா விலங்கை இறுகப் பிடித்தாள்.

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு காபி டப்பாவை எடுத்தார். மூடியைத் திருகினார்.

உள்ளே சாம்பல் ஒட்டிய ஒரு டீஸ்பூன்!

"போன மார்ச்ல போயிட்டா. புத்துநோய். நாட்டுல இருக்குற அறுபத்து மூணு தேசியப் பூங்காவையும் பார்த்துடணும்னு சொல்லிட்டே இருப்பா. நான்தான், ரிட்டையர் ஆகட்டும் ரிட்டையர் ஆகட்டும்னு நாப்பது வருஷம் இழுத்தடிச்சேன்."

"சீட்டுல ஏன் சார் ரெண்டு பேர்னு..."

"உங்க ஃபாரம் எத்தனை பேர்னு கேக்குதும்மா. ஒண்ணுனு எழுதப் போனேன். கை வரல."

வெர்னா விலங்கிலிருந்து கையை எடுத்தாள். டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"மிச்சம் அம்பத்திரண்டு பூங்கா இருக்கே?"

"அளவு தெரியாம அள்ளிட்டேன். தீந்துபோச்சு."

சாம்பல் தூவத் தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் குடிக்கவில்லை. அழுதார்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"வெர்னா, அந்தம்மா கிடைச்சாங்களா?"

அவள் வயர்லெஸ் பட்டனை அழுத்தினாள்.

"தேடலை நிறுத்து கர்ட். பதினோரு பூங்காவுல ஒரே நேரத்துல கூடாரம் போட்டிருக்காங்க."

"அதுக்குச் சட்டத்துல எடம் இல்லையே?"

"அப்ப நீயே போய்க் காலி பண்ணச் சொல்லு."