வயசுக் கோளாறு

"அய்யோ...!"

கோடவுனே அதிர்ந்தது.

முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். இரும்புப் படிக்கட்டின் அடியில்... ஓர் உடல்!

புரட்டினாள்.

மேனேஜர்!

உடல் கண் திறந்து கத்தியது. "கொலை முயற்சி! மூணாவது படியில எவனோ கிரீஸ் தடவியிருக்கான்!"

கணுக்கால் பூசணியாக வீங்கியிருந்தது.

"யார் மேல சந்தேகம் சார்?"

"எல்லார் மேலயும்! எல்லாம் அந்த லிஸ்ட்டால வந்த வினை! போலீஸைக் கூப்பிடு!"

லிஸ்ட்!

அவள் தயாரித்தது. எந்த வயதுக்காரர் எதனால் முடங்குவார் என்ற விவரம். இருபதுகளில் ஷிஃப்ட், தூக்கமின்மை. நாற்பதுகளில் மூட்டை, முதுகு. ஐம்பதுகளில் இதே படிக்கட்டு, முழங்கால்.

மேனேஜர் அத்தனையும் அடித்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே காரணம் எழுதினார்.

வயசுக் கோளாறு!

இருபத்துமூன்று வயது பேக்கிங் பெண்ணுக்கும் அதேதான்.

வேலையால் வந்தது என்றால் நஷ்டஈடு உண்டு. வயசுக் கோளாறுக்கு ஏது?

நர்ஸ் படியேறிப் பார்த்தாள். கிரீஸ் இடது ஓரத்தில் மட்டும்...

சிலிர்த்தது.

எப்போதும் இடது ஓரமாகவே இறங்குபவர் இங்கே ஒருவர்தான். வலது முட்டி மடங்காத லோடுமேன். ஐம்பத்தேழு வயது. எல்லாருக்கும் 'பெருசு'.

அப்படியானால் குறி... மேனேஜர் இல்லை!

மூட்டைகளுக்குப் பின்னால் அவரைப் பிடித்தாள்.

"பெரியப்பா! யாரோ உங்களைத் தீத்துக்கட்டப் பாத்திருக்காங்க!"

"கத்தாதம்மா..." பெருசு கிசுகிசுத்தார். "தடவினது நான்தான்!"

"என்னது?!"

"முப்பது வருஷம் ஏறி எறங்கி முட்டி தேஞ்சா வயசுக் கோளாறாம். உருண்டு ஒடைச்சாத்தான் விபத்தாம். சரி, விழுந்தே தொலைவோம்னு தடவினேன். ஒரு டீ குடிச்சிட்டு வந்து விழலாம்னு போனா... அதுலயும் இந்த மனுஷன் முந்திக்கிட்டாரு!"

"போலீஸ் வந்தா?"

"முட்டியோட வேலையும் போச்சு."

ஐந்து நிமிடம் கழித்து நர்ஸ் மேனேஜரிடம் வந்தாள். பையில் கறுத்துப்போன பஞ்சு உருண்டை.

"படியில கிரீஸே இல்ல சார்."

"இல்லையா? சரி விடு. மூணு மாசம் லீவு வேணும். ஃபாரத்தை எழுது."

"வயசு?"

"நாப்பத்தாறு."

அவர் எது சொன்னாலும் 'சரி சார்' என்றே பழகியவள், இப்போது தானாகவே காரணத்தை எழுதினாள்.

எட்டிப் பார்த்தவர் அலறினார்.

"வயசுக் கோளாறா?! எனக்கா?! இது படிக்கட்டால வந்ததும்மா!"

"அதைத்தான் சார் லிஸ்ட்ல எழுதியிருந்தேன்..."

கணுக்கால் விண்விண் என்றது.

"கொண்டா அந்த லிஸ்ட்டை. நீ எழுதினதுலயே கையெழுத்துப் போடறேன். பெருசு முட்டிக்கும் சேத்து! முதல்ல இந்த ஃபாரத்தை மாத்து!"

"சரி சார்."

வெளியே பெருசு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"நீங்க விழவே வேணாம் பெரியப்பா. கையெழுத்தாயிடுச்சு."

"அப்ப மிச்ச கிரீஸை என்ன பண்றது?"

நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தாள்.

"பத்திரமா வைங்க. மூணு மாசத்துக்கு வேற மேனேஜர் வர்றாராம்!"